உச்சியை மிதிக்காதவர்கள்

கேள்வி: சித்ரா பௌர்ணமிக்குச் செண்பகாதேவி அம்மனைப் பார்க்க ஏறினாலே எனக்கு மூச்சு இரைக்கிறது. நம் பக்கத்து ஆள் யாராவது எவரெஸ்ட் ஏறியிருக்கிறார்களா? (வாசகர், தென்காசி)

பதில்: விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதமே ஏறிவிட்டார். நம் பொதிகை 1,868 மீட்டர், எவரெஸ்ட் 8,849! அங்கே மூச்சு இரைத்தால் நம் ஊர்ப் பேரருவியில் தலையைக் கொடுக்க முடியாது. உச்சி அருகே போயும் திரும்பியவர்கள் உண்டு. வேல்ஸில் வளர்ந்த டாக்டர் சார்லஸ் எவன்ஸ், 1953 மே 26 அன்று எவரெஸ்ட் உச்சிக்கு நூறு மீட்டர் கீழே வரை போய், ஆக்சிஜன் கருவி மக்கர் செய்ததால் திரும்பினார். மூன்றாம் நாள் ஹிலாரியும் டென்சிங்கும் பெயரைத் தட்டிக்கொண்டு போனார்கள். மனுஷர் அசரவில்லை. 1955இல் காஞ்சன்ஜங்கா அணிக்கே தலைவரானார். சிக்கிம்காரர்களுக்குக் கொடுத்த வாக்குக்காக, அவருடைய ஆட்கள் உச்சியை மிதிக்காமல் சில அடி கீழேயே நின்றுகொண்டார்கள். நம்மாட்களோ சீசனில் அருவியில் கயிறு கட்டித் தடுத்தாலும் தாண்டிப் போய் செல்ஃபி எடுக்கிறார்கள்!