ஆக்கத்துக்கு அரைப் பக்கம், அழிவுக்கு அரைப் பக்கம்

பள்ளிக்கூடத்தில் 'அறிவியலின் நன்மை தீமைகள்' எழுதித் தேறியவர்களுக்கு நடுநிலையைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அது ஸ்கேலால் அளக்கிற சமாசாரம். முன்னுரைக்கும் முடிவுரைக்கும் நடுவே நன்மைக்கு அரைப் பக்கம், தீமைக்கு அரைப் பக்கம். நன்மையில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. தீமையில் 1945, ஹிரோஷிமா, நாகசாகி. ஒரு பக்கம் சட்னி சீக்கிரம் அரைபடுகிறது; மறுபக்கம் இரண்டு நகரங்கள் சாம்பலாகின்றன. நடுவில் ஒரு 'ஆனால்' போட்டால் கணக்கு நேர். பென்சிலின் மருந்து ஞாபகம் வந்துவிட்ட பிள்ளை பாடுதான் திண்டாட்டம். நன்மையில் ஒரு வரி கூடிவிடும், உடனே தீமையிலும் ஒரு வரி தேட வேண்டும். ஓசோன் ஓட்டை பின்னே எதற்கு இருக்கிறது?

முடிவுரையை யாரும் யோசித்து எழுதுவதில்லை. அமிர்தமும் நஞ்சாகும் அந்தப் பழமொழி கைப்பேசிக்குப் பொருந்தும், தொலைக்காட்சிக்குப் பொருந்தும், பிளாஸ்டிக்குக்கும் பொருந்தும். அதை எழுதி அடிக்கோடிட்டு, அணுகுண்டையும் அளவோடு பயன்படுத்தச் சொல்லிவிட்டு, பிள்ளை அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: காரணம் சொல்லி ஒரு பக்கமாகச் சாய்ந்த பிள்ளை எப்போதாவது அகப்பட்டால், தயவுசெய்து மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள்.