நாற்பத்தைந்து மணி நேரம்

ஆசிரியர் வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் உழைக்க வேண்டும், பாடத் தயாரிப்பும் அதில் சேர்த்தி என்கிறது 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. தயாரிப்பை எங்கே வைத்துக்கொள்வது என்று அதில் இல்லை. எழுதியவர் வீட்டில் சமையலை வேறு யாரோ கவனித்திருக்க வேண்டும். நம் டீச்சர் வீட்டில் பாடத் தயாரிப்பு சாம்பார் கொதிக்கும்போது நடக்கிறது.

அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வெளிவேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. நல்ல மனசு. நம் ஊரில் தேர்தலும் வெள்ளமும் என்ன, அபூர்வமா? வாக்காளர் பட்டியலோடு தெருத்தெருவாகப் போகும் டீச்சரிடம், "எம்பையன் எப்படிப் படிக்கிறான் டீச்சர்?" என்று கேட்கிறார்கள். பெற்றோர் கூட்டமும் வாசல்படியிலேயே முடிந்துவிடுகிறது.

பள்ளியில் பாடத்துக்கு முன்னால் செயலியில் வருகைப் பதிவு. சிக்னல் கிடைக்கும் வேப்பமரத்தடிக்கு டீச்சர் போய்த் திரும்புவதற்குள் பின்பெஞ்சில் இரண்டு பேரைக் காணோம். செயலியைப் பொறுத்தவரை அவர்கள் வகுப்பில்தான் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தால், "உனக்கென்னம்மா, மே மாசம் முழுக்க லீவு" என்கிறார் கணவர். மகள் கணக்கில் சந்தேகம் கேட்டால், "டியூஷன் மிஸ்ஸைக் கேளு கண்ணு" என்கிறார் டீச்சர். அந்த மிஸ்ஸும் ஏதோ தனியார் பள்ளியில் டீச்சர்தானாம். அவர் பிள்ளை எந்தத் தெருவில் டியூஷன் போகிறதோ, விசாரிக்க வேண்டும்.