நிலைச்சுவரும் வருதளமும்: போர்ட்டிகோக் கசிவின் புணர்ச்சி இலக்கணம்

எழுத்தோடு எழுத்து சேருமிடத்துக்கெல்லாம் விதி வகுத்த தமிழ் இலக்கணம், வீட்டுச் சுவரோடு போர்ட்டிகோத் தளம் சேருமிடத்துக்கு ஒரு நூற்பாவும் செய்யாதது பெருங்குறையே. அன்று போர்ட்டிகோ இல்லை என்பது சமாதானம் மட்டுமே. முன்பே நிற்கும் சுவரை நிலைச்சுவர் என்றும், கார் வாங்கியபின் அதை ஒட்டி எழுவதை வருதளம் என்றும் கொண்டால் விகாரம் மூன்றும் விளங்கும். ஐப்பசியில் ஹால் சுவரில் ஓதம் தோன்றும். கார்த்திகையில் பெயின்ட் நிறம் திரியும். தைக்குள் பூச்சு கெட்டு உதிரும். இயல்புப் புணர்ச்சிக்குச் சான்று அரிது.

இவ்விரண்டும் ஒட்டா என்பதும், ஒட்டவைக்கும் முயற்சியே கசிவை வளர்க்கிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. என்னை? கான்கிரீட் ஒரு டிகிரி வெப்பத்துக்கு மீட்டருக்குச் சுமார் 0.01 மில்லிமீட்டர் நீளும். செங்கல் ஏறத்தாழ அதில் பாதிதான் நீளும். 6 மீட்டர் தளம் 30 டிகிரி சூடேறி ஆறினால் 1.8 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். போதாக்குறைக்குப் போர்ட்டிகோத் தூண்கள் தனி அஸ்திவாரத்தில் தம் போக்கில் இறங்கும். இழுத்தால் தாங்காத சிமென்ட் கலவையை இடையில் வைத்துப் பூசினால் அது வெடிக்காமல் என்ன செய்யும்? மயிரிழை வெடிப்புதானே எனின், அற்றன்று, மெல்லியதே கொடியது. 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் நுண்புழை ஈர்ப்பால் தண்ணீர் 15 சென்டிமீட்டர் அளவுக்கு மேல்நோக்கியும் ஏறும். தார் பூசுவோர் மதமும் நெடுநாள் நில்லாது. சித்திரை வெயிலில் இளகிய தார் நாளடைவில் வறண்டு செதிலாகும். வீட்டுக்குள் நின்று வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் அடிப்போர் மதம் ஆராயத் தக்கதன்று. அவர்கள் தண்ணீர் வெளியேறும் வாயை அடைத்து, நுழையும் வாயைத் திறந்தே வைத்தவர்கள். அடுத்த மழைக்கு அது சுவிட்ச் போர்டு வழியே வரும்.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்நீரும் சேர்த்துப் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் இப்படி ஒழுகவில்லையே என்பார் உளர். அது நம் கட்சிக்கே சான்று. அந்தத் தளம் சுவரின் தலைமேல் அமர்ந்தது, சுவரின் விலாவில் வந்து இடித்ததன்று. சுண்ணாம்போ சற்று வளைந்து கொடுக்கும், நுண்வெடிப்பைக் கரைந்து படிந்து தானே மூடும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம், ஒழுகவில்லை என்று மேஸ்திரி மறுப்பார். நின்ற நீர் தளத்தைத்தான் சோதிக்கும். சாரல் மழையோ சுவரில் மோதி வழிந்து, பூச்சுக்குப் பின்னாலிருந்து மூட்டில் இறங்கும். ஆகவே தளத்தின் வாட்டம் சுவரைவிட்டு விலகி ஓடட்டும். மூட்டை நெகிழும் சீலன்டால் நிரப்பி, நீர்காப்பு விரிப்பைச் சுவரில் 15 சென்டிமீட்டர் ஏற்ற வேண்டும். சுவரில் காடி வெட்டி ஓர் உலோகத் தகட்டின் மேல்விளிம்பை அதனுள் செருகி, கீழ்விளிம்பை விரிப்பின்மேல் கவிழ்த்துவிடுக. ஆணி சுவருக்கு மட்டுமே உரியது. தகட்டைத் தளத்தோடும் சேர்த்து அறைந்தால் பழைய பகை மீளும். தகடு தெரிந்தால் எலிவேஷன் கெடுமே என்பது கடைசித் தடை. போர்ட்டிகோவின் மேற்பரப்பைப் பார்ப்பவர் வடாம் காயப்போடுவோரும் அதைத் தின்ன வரும் காக்கையுமே. இரு தரப்பும் எலிவேஷன் குறித்துக் கருத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.