சும்மா நிற்கப் பழகும் குதிரை

என் மாமனார் வங்கியிலிருந்து அறுபது வயதில் ஓய்வு பெற்றபோது சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். மாதாமாதம் பென்ஷனும் வருகிறது. பந்தயக் குதிரை ஐந்தாறு வயதில் ஓய்வு பெறுகிறது. சால்வையும் கிடையாது, பென்ஷனும் கிடையாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதன் பிறகும் இருபது வருஷம் இருக்கும். இந்தக் கணக்கு மாமாவைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பின் ஒரு மூலையில் லாயம் வந்தது. வீட்டில் உள்ள அத்தனை பேரும் அதில் ஊழியர்கள். கூலி வாங்குகிற ஒரே ஆள், லாடம் அடிக்க வருகிறவர்.

“1996-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு மாப்ளெ, குதிரைப் பந்தயம் சூதாட்டமில்ல, திறமைன்னு. ஓடுனது யாரு? குதிரைதானே? அப்ப அதுக்குப் பி.எஃப். எங்கே?” என்பார். நான் பேப்பரில் முகத்தை மறைத்துக்கொள்வேன். 2024-இல் ஊட்டிப் பந்தய மைதானத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது; அதே வருஷம் கிண்டிக்கும் பூட்டு விழுந்தது. அன்றைக்கு அந்தப் பேப்பரையும் பிடுங்கிப் படித்துவிட்டு, மனுஷன் பேசாமல் கடப்பாறையை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு தடுப்புக்குக் குழி தோண்ட ஆரம்பித்தார்.

வருகிறவை எல்லாம் தரோபிரெட் சாதி. அப்பன், பாட்டன், பூட்டன் என்று பின்னாலேயே போனால், முந்நூறு வருஷத்துக்கு முன்னே இங்கிலாந்துக்குக் கொண்டுபோன மூன்று பொலிகுதிரைகளில் ஒன்றில் போய் நிற்கும். உலகத்துத் தரோபிரெட் குதிரைகள் அத்தனையும் மூன்றே வீட்டுப் பங்காளிகள். பங்காளிகளை வரிசையாக நிறுத்தி ஓடவிட்டால் ஒருத்தனை ஒருத்தன் முந்தத்தான் பார்ப்பான் என்பது எங்கள் ஊருக்குப் புதிய சங்கதி இல்லை.

எந்த மாதம் பிறந்திருந்தாலும் ஜனவரி 1 வந்தால் எங்கள் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஒரு வயது கூடிவிடும். அத்தைக்கு இது ரொம்ப வசதி. புத்தாண்டுக் கூட்டத்தில் ஒரே அர்ச்சனைச் சீட்டில் முடித்துவிடுவார். குருக்கள் நட்சத்திரம் கேட்டபோது, “அஸ்வினின்னு போட்டுக்குங்க சாமி” என்றார். அவரும் போட்டுக்கொண்டார்.

இந்தக் குதிரைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் வித்தை ஒன்றுதான்: சும்மா நிற்பது. பந்தயத்தில் ஜாக்கியை, குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே காலைப் பிடித்துத் தூக்கி மேலே போட்டுவிடுவார்கள். அதனால் நாம் அங்கவடியில் ஒரு காலை வைத்ததுமே அது கிளம்பிவிடும். நம்முடைய இன்னொரு கால் எங்கே இருக்கிறது என்பது அதன் கவலையில்லை. சரி, கடிவாளத்தை இழுத்து நிறுத்தலாம் என்று பார்த்தால், அந்த இழுப்பில் சாய்ந்துகொண்டு ஓடித்தான் அதற்குப் பழக்கம். நாம் பதறி இழுக்க இழுக்க, கடைசி ஃபர்லாங் வந்துவிட்டது என்று அது இன்னும் பறக்கும். என் மச்சினன் ஒருநாள் வாய்க்கால் மேட்டில் செவலைக் குதிரைமேல் ஏறி, பக்கத்து ஊர் பால் சொசைட்டியில் இறங்கினான். இறங்கினான் என்பது மரியாதைக்குச் சொல்வது.

தீனி இன்னொரு பாடு. ஓட்ஸையும் கொள்ளையும் மெல்ல மெல்லக் குறைத்து, புல்லையும் குதிரை மசாலையும் கூட்ட வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வந்தாக வேண்டும். இது தெரியாத ஒன்றுவிட்ட சித்தப்பா, கல்யாண வீட்டில் மிஞ்சிய லட்டுகளைப் பாசத்தோடு செவலைக்கு ஊட்டிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். ராத்திரி அது முன்னங்காலால் தரையைப் பறித்தது. தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். பிறகு டார்ச் லைட்டோடு குடும்பமே குதிரையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். கோழி கூவுகிற நேரத்தில் வால் எழும்பியது. பொத்தென்று லத்தி விழுந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் பையன் பத்தாவது பாஸான அன்றுகூட அந்த வாசலில் அவ்வளவு ஆரவாரம் இல்லை.

இப்படித் தேற்றிய குதிரையை நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கேட்டு வருகிறவர்களைப் பார்த்தால், குதிரையை விட மனிதர்களைத்தான் முதலில் பழக்க வேண்டும்போல் இருக்கிறது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாமா என்பார் ஒருவர். பண்ணை வீட்டு கேட் பக்கத்தில் கட்டிவைத்தால் எடுப்பாக இருக்கும் என்பார் இன்னொருவர். ரேக்ளாவில் பூட்டினால் ஜெயிக்குமா என்று ஒரு தம்பி கேட்டான். மைலேஜ் கேட்டவரும் உண்டு. மாமா யாரையும் கடிந்துகொள்ள மாட்டார். மோர் கொடுத்து, தேங்காய் விலை விசாரித்து, அனுப்பிவிடுவார்.

போன மாதம் ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவரிடம் ஏற்கெனவே ஒரு கிழட்டுப் பெண்குதிரை இருக்கிறதாம். துணையில்லாமல் தீனி எடுக்க மாட்டேன் என்கிறதாம். செவலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வேகம் கேட்கவில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை.

“சும்மா நிக்குமுங்களா?” என்றார்.

மாமாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. “அதுக்குத்தானுங்க இத்தனை நாளாப் பாடுபட்டோம்!” என்று ஓடிப்போய் ஒப்பந்தத் தாளைக் கொண்டுவந்தார். விற்கக் கூடாது, பந்தயத்தில் விடக் கூடாது, நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும், லாடக்காரரைத் தவறாமல் வரவழைக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் நாங்கள் சொல்லாமல் வந்து பார்ப்போம், ஒத்துவராவிட்டால் எங்களிடமே திருப்பி விட வேண்டும். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தார்.

“ஏனுங்க, பொண்ணக் கட்டிக் குடுக்கறப்பக்கூட யாரும் இவ்வளவு எழுதி வாங்கறதில்லீங்களே?”

மாமா பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“அப்ப வாங்காம விட்டுட்டனுங்க. அதனாலதான் இப்ப வாங்கறேன்.”