குளிரிலும் காயும் மை

வீட்டுப் பிரிண்டரின் மை வெயிலில் காய்வதைவிட வேலையில்லாமல் காய்வதே அதிகம். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் இதை யாரும் எளிதில் நம்புவதில்லை. அக்டோபர் மழையில் கொடியில் போட்ட ஸ்வெட்டர் உலர அடம்பிடிக்கும். அதே வீட்டில் மஞ்சள் மை மட்டும் சமர்த்தாக உலர்ந்திருக்கும்.

இங்க்ஜெட் மையில் பெரும்பகுதி தண்ணீர். அது சட்டென்று ஆவியாகாதிருக்க கிளிசரின் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். ஆனால் மை வெளிவரும் துளை தலைமுடியைவிட நுண்ணியது. அதன் வாயில் நிற்கும் மை சற்று வற்றினாலே கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஜனவரியில் வானம் தெளிந்து காற்று வறளும்போது தொல்லை இன்னும் கூடும். 1899-இல் சென்னையிலிருந்து இங்கே வந்த சூரிய ஆய்வகத்துக்கு அந்த வானம் உகந்தது, பிரிண்டருக்கு ஆகாது. அதற்கும் குளிருமே என்று ரூம் ஹீட்டர் அருகிலேயே அதை வைக்கும் பாசக்காரக் குடும்பங்களும் உண்டு.

பிரிண்டரை அதன் பொத்தானால்தான் அணைக்க வேண்டும். அப்போதுதான் அச்சுத்தலை ஓரமாகப் போய் ரப்பர் மூடியில் உட்காரும். சுவர் சுவிட்ச் அதற்குப் பிறகு. வீடுகளிலோ "கரண்ட் வீணாகுது" என்ற குரல் எழுந்ததும் முதலில் அணைவது சுவர் சுவிட்ச்தான். மழைக்காலத்தில் குரலே வேண்டாம். மரம் கம்பியில் சாய்ந்து கரண்ட் தானாகப் போகும். அச்சுத்தலை பாதி வழியில் வாய் திறந்து நிற்கும். கரண்ட் வந்ததும் ஒருமுறை போட்டு, பொத்தானால் அணைத்தால் சரியாகிவிடும்.

வாரம் ஒரு வண்ணப் பக்கம் எடுப்பது அடுத்த காப்பு. எதை எடுப்பது என்பதுதான் சிக்கல். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இங்கே வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது; அதையும் செல்போனிலேயே காட்டிவிடலாம். ஆகவே குறிஞ்சிப் படம் ஒன்று எடுக்கலாம்: பூவில் நீலமும் மெஜந்தாவும், இலையில் மஞ்சளும் செலவாகும். 2018-இல் பூத்த குறிஞ்சி 2030 வரை காத்திருக்கும். பிரிண்டருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அடைத்துவிட்டால் 'ஹெட் கிளீனிங்' ஒன்றிரண்டு முறை போதும். பிறகு ஓரிரவு விட்டுப் பார்ப்பது நல்லது. கோபத்தில் அடுத்தடுத்து அழுத்தினால், விலை கொடுத்து வாங்கிய மை பிரிண்டருக்குள் இருக்கும் பஞ்சுக்கு விருந்தாகும்.

வத்தலக்குண்டில் வாங்கிய மைக்குப்பி மலையேறினால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறத் துடிக்கும். குப்பியை நிமிர்த்தி, துணி சுற்றி, மெல்லத் திறக்க வேண்டும். வெள்ளைச் சட்டை அன்று வேண்டாம்.

மாதத்துக்கு ஒரு பக்கம் எடுப்பவர்களுக்கு லேசர் பிரிண்டரே மேல். டோனர் வெறும் பொடி. காய அதில் ஒன்றுமில்லை. ஆனால் மூடுபனி நாளில் தாள் ஈரத்தைக் குடித்துச் சுருண்டு உள்ளே சிக்கும். ஆகவே தாளைக் கட்டோடு பிளாஸ்டிக் டப்பாவில் மூடிவைத்து, தேவையானதை மட்டும் அவ்வப்போது எடுத்துப் போட வேண்டும்.