கை நுழையாத இடத்தில் ஒரு நட்டு

கேள்வி: ரிவ்நட் என்கிறார்களே, அது ரிவெட்டா, நட்டா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: மாட்டும்வரை ரிவெட், மாட்டிய பிறகு நட்டு. முன்பக்கமிருந்தே ஓட்டைக்குள் நுழைத்து, கருவியால் அதன் உள்மரையைப் பிடித்து இழுத்தால், மறுபக்கம் புடைத்துத் தகட்டைக் கவ்விக்கொள்ளும். கதவு, கூரை, பெட்டிச் சட்டம் என்று பின்னால் ஸ்பேனர் போகாத இடங்களுக்கானது. இதைப் பெற்றெடுத்தது ஒரு டயர் கம்பெனி! அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச். விமான இறக்கையின் முன்விளிம்பில் படியும் பனிக்கட்டியை உடைத்து உதிர்க்க ரப்பர் உறை செய்தார்கள். அதை மாட்டப் போனால் இறக்கைக்குள் கைவிட்டு நட்டைப் பிடிக்க வழியில்லை. 1930-களில் ரிவ்நட் வந்தது அப்படித்தான்.

கேள்வி: இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ போதாதா?
– வேன் உரிமையாளர், நாமக்கல்

பதில்: மாட்டிவிட்டு மறந்துவிடுவதாக இருந்தால் போதும். 0.8 மி.மீ. தகட்டில் ஒரு சுற்று மரைகூட முழுசாகப் பிடிக்காது. நாலு தடவை கழற்றி மாட்டினால் வழுக்கும். பிறகு அடுத்த சைஸ் ஸ்க்ரூ, அதற்கடுத்த சைஸ் என்று போய், கடைசியில் ஓட்டைதான் மிஞ்சும், தகடு மிஞ்சாது.

கேள்வி: நான் போடும் ரிவ்நட் எல்லாம் ஓட்டைக்குள்ளேயே சுற்றுகிறது. சரக்கு மட்டமா?
– டிங்கரிங் பட்டறைக்காரர், மதுரை

பதில்: சரக்கைத் திட்டுமுன் உங்கள் டிரில்லைப் பாருங்கள். எம்-6 ரிவ்நட்டுக்குப் பொதுவாக 9 மி.மீ. ஓட்டை, எம்-5-க்கு 7, எம்-8-க்கு 11. பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் வேதம். சாதாரண டிரில் பிட் மெல்லிய தகட்டில் வட்டமாகத் துளைக்காது, மூன்று மூலையாகக் கிழிக்கும். முதலில் சின்ன ஓட்டை, பிறகு படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட் என்று போனால் வட்டம் வட்டமாக வரும். விளிம்புப் பிசிறைச் சீவிவிட்டு, வெறும் இரும்பு தெரியும் இடத்தில் ஜிங்க் பிரைமர் தொட்டு வைத்தால் துருவுக்கும் வேலையில்லை.

அடுத்தது கிரிப் அளவு. ஒவ்வொரு ரிவ்நட்டும் இந்தத் தடிமனிலிருந்து இந்தத் தடிமன் வரை என்று ஒரு வரம்போடு வரும். 3 மி.மீ.க்கு மேலான தகட்டுக்குச் செய்ததை 0.8-இல் போட்டால் புடைப்பு தகட்டைத் தொடாமல் தள்ளி நிற்கும். சுற்றாமல் என்ன செய்யும்? தகடு இரண்டு அடுக்காக இருந்தால் இரண்டையும் சேர்த்து வெர்னியரில் அளக்க வேண்டும். வாங்கும்போது உடல் முழுக்க நெளிவரி போட்டதாகக் கேளுங்கள், வழவழப்பானது வேண்டாம். அறுகோண உடல் இன்னும் நல்லது. ஆனால் அதற்கு அறுகோண ஓட்டை போட்டுத்தர யார் இருக்கிறார்கள்?

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. மாட்டும் பிராக்கெட்டின் ஓட்டை ரிவ்நட்டின் தலையைவிடப் பெரிதாக இருக்கவே கூடாது. எம்-6 போல்ட்டுக்கு 6.5 மி.மீ. போதும். பெரிதாக இருந்தால் பிராக்கெட் தகட்டின்மேல் உட்காரும். போல்ட்டை இறுக்க இறுக்க ரிவ்நட்டை வெளியே பிடுங்கும். இறுக்குவதாக நினைத்துக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: அலுமினியமா, இரும்பா, ஸ்டெயின்லெஸ்ஸா?
– மீன் வண்டிக்காரர், தூத்துக்குடி

பதில்: உப்புக்காற்றில் அலுமினிய ரிவ்நட்டை இரும்புத் தகட்டில் போடாதீர்கள். இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் மின்னரிப்பு நடக்கும். அதில் கரைவது அலுமினியம். பெரிய இரும்புப் பரப்புக்கு எதிரே அது கடுகளவு, சீக்கிரமே பொடியாகும். இரும்புத் தகட்டுக்கு ஜிங்க் பூசிய இரும்பு ரிவ்நட், அடிப்பக்கம் மூடிய ரகம். தண்ணீர் மரை வழியாக உள்ளே இறங்காது.

கேள்வி: கருவி இல்லாமல் போட முடியுமா?
– சிக்கனக்காரர், ஈரோடு

பதில்: முடியும். உரமான போல்ட்டில் ஒரு நட்டைத் திருகி, கீழே எண்ணெய் தொட்ட வாஷர் போட்டு, ரிவ்நட்டுக்குள் முழுசாக இறக்குங்கள். போல்ட் தலையை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, இன்னொன்றால் நட்டைக் கீழ்நோக்கித் திருகுங்கள். முதலில் இளகும், பிறகு கெட்டியாகும். அந்த இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும். நிறுத்தாவிட்டால் ரிவ்நட்டுக்கு மரை கழன்றுவிடும், பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும். முதலில் ஒரு துண்டுத் தகட்டில் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கூரையில் கேரியர் மாட்ட வேண்டும். கூரைத் தகடு அப்பளமாக இருக்கிறது.
– குடும்பத் தலைவர், திருச்சி

பதில்: மெல்லிய தகட்டுக்குப் பிளஸ்நட் என்று ஒன்று உண்டு. இழுத்ததும் உடல் நான்காகப் பிளந்து, பின்பக்கம் நாலு திசையிலும் கால் பரப்பிக்கொள்ளும். பாரம் பரந்த இடத்தில் விழும், தகடு கிழியாது. தலைக்கு அடியில் சீலன்ட் தடவாவிட்டால் மழை முதலில் உங்கள் மடியில்தான் பெய்யும். ஆனால் டிரில்லை எடுக்குமுன் உள்கூரையைக் கழற்றிப் பாருங்கள். கதவுகளுக்கு மேலே, கூரை ஓரத்தில்தான் கர்ட்டன் ஏர்பேக் மடித்து வைத்திருப்பார்கள். அதில் ஓட்டை போட்டு மிச்சம் பிடிக்கும் கேரியர் எதற்கு?

கேள்வி: பைக் விண்ட்ஷீல்டுக்கும் ரிவ்நட்டா?
– இளைஞர், வேலூர்

பதில்: வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும். வெல்நட் கேளுங்கள். ரப்பர் உடல், உள்ளே பித்தளை நட்டு. அதிர்வையும் வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: முன்பக்கம் புல்பார் மாட்ட எத்தனை ரிவ்நட் தேவை?
– எஸ்.யு.வி. பிரியர், சேலம்

பதில்: பூஜ்யம். புல்பார் மாட்டிய வண்டிகள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது 2017 டிசம்பரில்.

கேள்வி: நம்பர் பிளேட்டுக்கு?
– அதே வாசகர்

பதில்: அதைக் கழற்ற முடியாதபடி ஸ்னாப் லாக் போடுவதுதான் சட்டம். உங்களுக்கு ஏன் கழற்றத் தோன்றுகிறது?

கேள்வி: வேனில் கூடுதல் சீட் போட்டு, சீட் பெல்ட்டையும் எம்-8 ரிவ்நட்டிலேயே மாட்டித் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். தாங்குமா?
– பள்ளி வேன் நடத்துபவர், கரூர்

பதில்: தாங்காது. ஐ.நா.வின் 14-ஆம் வாகன விதிமுறை, பயணிகள் காரில் பெல்ட்டின் தோள்பட்டைப் பகுதிக்கு மட்டும் 13.5 கிலோநியூட்டன் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்கிறது. அதாவது 1,300 கிலோவுக்கு மேல் தொங்கவிட்ட மாதிரி. கம்பெனியில் பெல்ட்டின் நட்டைத் தடித்த தகட்டில் வெல்டிங் வைத்து, அந்தத் தகட்டைச் சட்டத்தோடு சேர்ப்பது இதற்காகத்தான். ரிவ்நட்டோ, மோதிய கணத்தில் தகட்டைக் கிழித்துக்கொண்டு பெல்ட்டோடும் பிள்ளையோடும் வரும். விளக்கு, பெட்டி, மட்கார்டு மாட்டட்டும், மறுப்பில்லை. பெல்ட்டை ரிவ்நட்டில் மாட்டுகிற பட்டறையிலிருந்து வண்டியை இன்றைக்கே வெளியே எடுங்கள்.