ஆளைத் தொடாமலே கவிழ்க்கும் வித்தை

லிங்கன், நெப்ராஸ்கா
சனிக்கிழமை இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. குளிர் இன்னும் வரவில்லை. வரப்போகிறேன் என்று தினமும் காலையில் மிரட்டிவிட்டுப் போகிறது.

"சனிக்கிழமையானா ஃபோனை எடுக்கவே மாட்டேங்கிறியே, அப்படி என்னடா வேலை?" என்று கேட்டிருந்தீர்கள். வேலை ஒன்றுமில்லை. ஊரே அமெரிக்க ஃபுட்பால் பார்க்கப் போய்விடுகிறது, நானும் கூடப் போய்விடுகிறேன். இந்த ஊர்ப் பல்கலைக்கழக மைதானத்தில் 85,000 பேருக்கு மேல் உட்காரலாம். 1962ஆம் ஆண்டிலிருந்து இங்கே நடந்த ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை என்பது இவர்கள் கணக்கு. மாநிலத்தின் மொத்த ஜனத்தொகையே ஏறக்குறைய 20 லட்சம்தான். ஆட்டம் நடக்கிற நாளில் ஒமாஹா, லிங்கன் இரண்டுக்கும் அடுத்த பெரிய ஊர் அந்த மைதானம்தான் என்று பெருமையடித்துக்கொள்வார்கள். அத்தனை பேரும் சிவப்புச் சட்டை. ஆட்ட நாளில் நான் நீலச் சட்டையோடு பால் வாங்கப் போனேன், கடைக்காரப் பெண்மணி "உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது பக்கத்து வீட்டுப் பெரியவரின் மாத்திரைக் குப்பிகளைப் பற்றி.

பெரியவருக்கு எண்பதை ஒட்டிய வயது. சோளம் பயிரிட்டவர், நிலத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். இப்போதைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து பழைய ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதுதான் அவருக்கு முழுநேர உத்தியோகம். பழைய ஆட்டம் என்றால் ஆப்ஷன். அது என்ன என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவைத்தேன். சாப்பாட்டு மேஜையில் என்னை உட்காரவைத்துவிட்டு, தான் சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் கொண்டுவந்து பரப்பினார். இங்கே மருந்துக்கடையில் மாத்திரையை அட்டையாகத் தருவதில்லை. ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் குப்பியில் எண்ணிப் போட்டு, வெள்ளை மூடி போட்டு, பெயர் ஒட்டித் தருவார்கள். குப்பிகள் போதவில்லை என்று பாட்டியுடையதும் கடன் வாங்கப்பட்டது.

முதலில் கணக்கைச் சொன்னார். இரண்டு பக்கமும் 11 பேர். நடுவில் குனிந்திருப்பவர் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் தர, அதை வாங்குகிறவர் குவார்ட்டர்பேக். அவர் அதை ஓடுகிறவரிடம் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார். ஆக, மிச்சமுள்ள 9 பேர் எதிரணியின் 11 பேரை மறித்தாக வேண்டும். எந்த மளிகைக்கடைக்காரரிடம் கேட்டாலும் இது நஷ்டக் கணக்கு என்று சொல்லிவிடுவார். ஈடுகட்ட இரண்டு வழி. ஆளுக்கு 140 கிலோ தேறும் பையன்களைத் தேடிப் பிடித்து முட்டவிடுவது ஒன்று. இன்னொன்று, எதிரணியில் இரண்டு பேரை மறிக்காமலேயே விட்டுவிடுவது. தெரிந்தே, வேண்டுமென்றே.

"அவன் வந்து அமுக்கிவிடுவானே?" என்றேன்.

"வரட்டும். அதற்குத்தான் விட்டிருக்கிறது" என்றார்.

கொலஸ்ட்ரால் குப்பி குவார்ட்டர்பேக். அதற்கு நேர் பின்னால் கால்சியம். கனத்த குப்பி, ஆகவே ஃபுல்பேக். அதற்கும் பின்னால் பிரஷர் மாத்திரை, டெயில்பேக். பந்து கைக்கு வந்ததும் கால்சியம் நேராக முட்டிக்கொண்டு கிளம்பும். கொலஸ்ட்ரால் பந்தை அதன் வயிற்றில் வைக்கும், ஆனால் கையை எடுக்காது. இரண்டு பேர் கையும் பந்தின்மேல் இருக்க, ஓரிரு எட்டு சேர்ந்தே போவார்கள். அந்த நேரத்தில் குவார்ட்டர்பேக்கின் கண் மறிக்காமல் விட்ட முதல் ஆளின்மேல் இருக்கும். அவன் உள்ளே பாய்ந்து கால்சியத்தைக் கட்டிப்பிடிக்க வந்தால், பந்தை வயிற்றிலிருந்து உருவிக்கொண்டு வெளிப்பக்கம் ஓட வேண்டும். அவன் வராமல் நின்றால் கையை எடுத்துவிட வேண்டும். கால்சியம் பந்தோடு போய்விடும். உருவிக்கொண்டு ஓடினால், அங்கே மறிக்காமல் விட்ட இரண்டாவது ஆள் காத்திருப்பான். அவன் குவார்ட்டர்பேக்கின்மேல் பாய்ந்தால், நாலைந்து கஜம் தள்ளிச் சற்றே பின்னால் ஓடிவருகிற பிரஷருக்கு ஒற்றைக் கையால் பந்தைச் சுண்டிவிட வேண்டும். அவன் பிரஷர் பக்கம் நகர்ந்தால், தானே வைத்துக்கொண்டு இடையில் புகுந்து ஓடலாம். சுண்டுவது தப்பிப்போனால் பந்து தரையில் உருளும், யார் விழுந்து அமுக்குகிறாரோ அவருக்குச் சொந்தம். இதெல்லாம் இரண்டு மூன்று நொடிக்குள் நடக்கிற காரியம்.

பிரஷர் ஓரமாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது பாட்டி வந்து மணி எட்டாயிற்று என்றார். பெரியவர் டெயில்பேக்கைத் திறந்து ஒன்றை விழுங்கிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

மறிக்காமல் விட்ட அந்த ஆளின் கதிதான், சித்தி "சட்னி எப்படி?" என்று கேட்கும்போது நம் கதி. பிரமாதம் என்றால் இன்னும் இரண்டு தோசை வந்து விழும். சுமார் என்றால் ராத்திரிவரை முகம் கொடுத்துப் பேசமாட்டார். (சித்திக்குப் படித்துக் காட்டும்போது இந்த இரண்டு வரியை விட்டுவிடவும்.)

வாயால் சொன்னது போதாதென்று, மறுநாள் பேரப்பிள்ளைகளை வரவழைத்துத் தன் வீட்டுக் கார் பாதையில் ஆடவிட்டார். மறிக்கப்படாத ஆள் நான். "உன்னை யாரும் தொடமாட்டார்கள், பயப்படாதே" என்று உத்தரவாதம் வேறு. பெரிய பையன் எட்டாவது படிக்கிறான். என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓடிவந்தான். அதுதான் கிலியாக இருந்தது. கால்சியமாக வந்த குண்டுப் பையன்மேல் பாய்ந்தேன், அவனிடம் பந்து இல்லை. அடுத்த தடவை அவனை விட்டுவிட்டுப் பெரியவனைத் துரத்தினேன். பந்து குண்டுப் பையனோடு கராஜ் கதவுவரை போய்விட்டது. சரி, இரண்டுங்கெட்டானாக நின்று பார்ப்போம் என்று நின்றேன். அது எல்லாவற்றையும்விட மோசம். ஒரு பயலும் என்னை விரல்நுனியால்கூடத் தொடவில்லை, ஆனாலும் கடைசியில் மூச்சு வாங்கிப் புல்தரையில் உட்கார்ந்தது நான்தான். உங்கள் மருமகள் ஜன்னல் வழியாகப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறாள், பார்த்திருப்பீர்கள்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. ஃபுல்பேக்குக்கு ஒருவன், குவார்ட்டர்பேக்குக்கு ஒருவன், வெளியே ஓடுகிறவனுக்கு ஒருவன் என்று பங்கு பிரித்துக்கொண்டு, பந்து எங்கே போனாலும் அவரவர் ஆளை விடாமல் பிடிக்க வேண்டும். இருபது வயதுப் பையன்களிடம் பந்தைப் பார்க்காதே என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இந்த வித்தையின் வம்சாவளியைப் பெரியவர் மேலிருந்து கீழே ஒப்பிப்பார். மூல புருஷர் டான் ஃபரோ, மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் கோச். கூடைப்பந்தில் இரண்டு பேர் பந்தோடு வர, எதிரில் ஒருவன் மட்டும் அகப்பட்டுக்கொண்டு திணறுவானே, அதையே 1941இல் ஃபுட்பாலுக்குக் கொண்டுவந்தார். உலகப் போர் சமயத்தில் அயோவாவில் கடற்படை விமானிகளின் பயிற்சிப் பள்ளியில் அவருக்குக் கீழே வேலை பார்த்த பட் வில்கின்சன், வித்தையைக் கற்றுக்கொண்டு ஓக்லஹோமா போய்ச் சேர்ந்தார். 1953 முதல் 1957 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களில் வெற்றி. வில்கின்சனின் அணியைக் குருநாதர் ஃபரோ ஒரு தடவைகூட ஜெயிக்க முடியவில்லை. வில்கின்சனிடம் ஆடிய டாரல் ராயல் பிற்பாடு டெக்ஸாஸுக்குக் கோச்சானார். அவருடைய உதவியாளர் எமரி பெல்லார்ட் 1968இல் குப்பிகளை மாற்றி அடுக்கினார். கொலஸ்ட்ராலுக்குப் பின்னால் கால்சியம் நெருங்கி நிற்கும். அதற்கும் பின்னால் வலமும் இடமுமாக இரண்டு ஹாஃப்பேக். மேலிருந்து பார்த்தால் கோழி நெஞ்சில் இருக்கிற பிளவுபட்ட எலும்பு. அதை இரண்டு பேர் பிடித்து இழுத்து, பெரிய துண்டு யாருக்கு வருகிறதோ அவர் நினைத்தது நடக்கும் என்பது இந்த நாட்டு நம்பிக்கை. ஹூஸ்டன் பத்திரிகைக்காரர் ஒருவர் அந்த எலும்பின் பெயரையே வைத்தார்: விஷ்போன்.

எலும்பு முதல் ஆட்டத்தில் டிரா, இரண்டாவதில் தோல்வி. குவார்ட்டர்பேக்கை மாற்றினார்கள். அதன் பிறகு வரிசையாக 30 வெற்றி. ஓக்லஹோமாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1970இல் பருவத்தின் நடுவிலேயே பழைய ஆட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு விஷ்போனுக்கு மாறினார்கள். 1971இல் ஆட்டத்துக்குச் சராசரி 472 கஜம் ஓடியே கடந்தார்கள். டெக்ஸாஸையே அதன் எலும்பால் 48–27 என்று அடித்தார்கள். அந்த 472ஐ இன்றுவரை யாரும் எட்டவில்லை. அதே வருஷம் அவர்களை 35–31 என்று தோற்கடித்தது யார் என்று கேட்டுவிட்டுப் பெரியவர் பதிலுக்குக் காத்திருப்பார். நெப்ராஸ்கா என்று நான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காபி வராது.

நெப்ராஸ்காவில் ஆப்ஷன் என்றால் டாம் ஆஸ்போர்ன். 1973 முதல் 1997 வரை 25 வருஷம் கோச், 255 வெற்றி. குவார்ட்டர்பேக், ஃபுல்பேக், டெயில்பேக் மூன்று பேரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஆடியவர். 1984 ஜனவரியில் மயாமியோடு நடந்த ஆரஞ்சு பௌல் ஆட்டத்தைப் பற்றிப் பெரியவர் பேச ஆரம்பித்தால் பாட்டி எழுந்து உள்ளே போய்விடுகிறார். கடைசி 48 நொடி இருக்கும்போது, ஆப்ஷன் ஆடி, பந்தை வெளியே சுண்டி, 24 கஜம் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன். மயாமி 31, நெப்ராஸ்கா 30. காலால் உதைத்து ஒரு புள்ளி எடுத்திருந்தால் டிரா. சாம்பியன் பட்டமும் அநேகமாகக் கைக்கு வந்திருக்கும். ஜெயித்தே வாங்குவேன் என்று ஆஸ்போர்ன் இரண்டு புள்ளிக்குப் போனார். எறிந்த பந்தை மயாமிக்காரன் தட்டிவிட்டான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. "எறியாமல் சுண்டியிருக்கலாம்" என்று பெரியவர் இன்னும் கொலஸ்ட்ரால் குப்பியைக் கண்டித்துக்கொண்டிருக்கிறார். ஆஸ்போர்ன்மேல் மட்டும் ஒரு வார்த்தை குறை வராது.

அந்தக் கடன் 1996 ஜனவரி 2ஆம் தேதி வட்டியோடு தீர்ந்தது. ஃப்ளோரிடாவை 62–24. ஓடியே 524 கஜம். குவார்ட்டர்பேக் டாமி ஃபிரேசியர் ஆப்ஷனில் வலப்பக்கம் போய், பந்தைத் தானே வைத்துக்கொண்டு, கும்பலாக மேலே விழுந்தவர்களை உதறிவிட்டு 75 கஜம் ஓடிய ஓட்டம் யூட்யூபில் இருக்கிறது. தவறாமல் பாருங்கள்.

ஆஸ்போர்ன் பிறகு அரசியலுக்குப் போனார். மூன்று தடவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்; 2006இல் கவர்னர் பதவிக்கு நின்றபோது சொந்தக் கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே தோற்கடித்துவிட்டார்கள். நம்மூரில் இது நடக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். "கோயில் வேண்டுமானால் கட்டுவோம், வரி போட விடமாட்டோம்" என்கிறார் பெரியவர்.

இப்போது எல்லோரும் பந்தை எறிகிறார்கள். தொழில்முறை ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்குக்குக் கோடிக்கணக்கில் சம்பளம். அவனை ஓடவிட்டு அடிவாங்க வைக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்? அங்கே வேலைக்குப் போக நினைக்கிற பையன் ஆப்ஷன் ஆடும் கல்லூரியில் சேர யோசிக்கிறான். நெப்ராஸ்காவும் 2004இல் புதுக் கோச்சோடு எறியும் ஆட்டத்துக்கு மாறியது. அந்த வருஷமே 5 வெற்றி, 6 தோல்வி. 1961க்குப் பிறகு தோல்வி அதிகமான முதல் வருஷம். அதில் பெரியவருக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். ஆனால் எலும்பு போனாலும் மஜ்ஜை போகவில்லை. இன்றைக்குக் குவார்ட்டர்பேக் நாலைந்து கஜம் பின்னால் நின்று பந்தை வாங்கி, ஓரத்து ஆளை மறிக்காமல் விட்டு, அவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்துக் கொடுக்கவோ வைத்துக்கொள்ளவோ செய்கிறாரே, அது என்னவாம்? இதை நான் பெரியவரிடம் சொன்னேன். எழுந்து போய்விட்டார்.

அசல் சரக்கை விடாமல் வைத்திருந்தது ராணுவ, கடற்படை, விமானப்படைக் கல்லூரிகள்தான். காரணமும் அந்தக் கணக்கேதான். படிப்பு முடிந்ததும் கப்பலிலும் டாங்கியிலும் ஏறி இறங்க வேண்டிய பையன். 140 கிலோவில் இருந்தால் யார் சேர்த்துக்கொள்வார்கள்? ஆகவே முட்டித் தள்ள முடியாதவனை முட்டாமலே விட்டுவிடுகிறார்கள். எதிராளிக்கு இந்த மாதிரி ஆட்டத்தை எதிர்த்துப் பழக ஒரு வாரம்தான் கிடைக்கும். 2018இல் ராணுவக் கல்லூரி ஓக்லஹோமாவுக்குப் போய், 60 நிமிட ஆட்டத்தில் 44 நிமிடத்துக்கு மேல் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. கூடுதல் நேரத்தில்தான் தோற்றார்கள். ஓக்லஹோமாவின் நட்சத்திரங்கள் பாதி நாள் ஓரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார்கள்.

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை ராணுவத்துக்கும் கடற்படைக்கும் ஆட்டம். அங்கே ராத்திரி ஒன்றரை மணி வாக்கில் தொடங்கும். தூக்கம் வரவில்லை என்று நீங்கள் எப்படியும் கூடத்தில் உலாத்திக்கொண்டுதான் இருப்பீர்கள். சத்தத்தைக் குறைத்துவைத்து மொபைலில் பாருங்கள். பந்தைத் தேடாதீர்கள், கிடைக்காது. ஓரத்தில் ஒருத்தன் யாரும் சீண்டாமல் தேமே என்று நிற்பான், அவனைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

சித்திக்கு என் நமஸ்காரம். முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்க்கிறாரா என்று எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்